செய்திகளைப் பிரித்தனுப்பும் பெட்டி: நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சை நிறுவும் முறை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில் சந்தாபுரத்தை அடைந்து வலப்புறம் திரும்பும் பாதை ஆனேக்கல் நகருக்குச் செல்கிறது. ராகி வயல்களுக்கும் பட்டுத் தறிகளுக்கும் பெயர் பெற்ற இத்தாலூக்காவில் இன்று பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பேட்டைகள் பரந்து கிடக்கின்றன. அதே பெருஞ்சாலையில், பெங்களூருக்கும் சந்தாபுரத்துக்கும் இடையே, எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. உலகெங்கும் இயங்கும் கணினி வலையமைப்புகளுக்கு வேண்டிய திட்டங்கள் அங்கே தீட்டப்படுகின்றன. ஆயினும், அவ்விடத்திற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமப் பள்ளியிலோ, பஞ்சாயத்து அலுவலகத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கணினிகள் தடையின்றி இயங்குமா என்பது, சுவரின் ஒரு மூலையில் பொருத்தப்பட்டிருக்கும் ஓர் இரும்புப் பெட்டியைப் பொறுத்ததாகும். அப்பெட்டிக்கு 'ஸ்விட்ச்' என்று பெயர். அதனை முறையாக நிறுவி ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டெலிபோன் நிலையமும் ஸ்விட்சும்

ஸ்விட்ச் என்றவுடன் மின்விளக்கை ஏற்றி அணைக்கும் விசையே பலருக்கு நினைவு வரும். இங்குக் குறிக்கப்படுவது அதுவன்று. இது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு உறவான சாதனமாகும். பண்டைய எக்ஸ்சேஞ்சில் அழைப்பவர் யாருடன் பேச விரும்புகிறார் என்பதைக் கேட்டறிந்து ஊழியர் ஒருவர் இணைப்புக் கொடுத்து வந்தார். பின்னர் அவ்வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில் 700 இணைப்புகளுடன் தொடங்கப்பட்டது.

நகரங்களுக்குக் கிடைத்த இவ்வசதி கிராமங்களைச் சென்றடையப் பல்லாண்டுகள் ஆயின. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறைகளையும் தடையில்லாத மின்சாரத்தையும் வேண்டின. இக்குறையைப் போக்கும் பொருட்டு 1984 ஆகஸ்டில் மத்திய அரசு 'சி-டாட்' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அந்நிலையம் 128 முனைகள் கொண்ட கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. குளிர்சாதன வசதியின்றி, வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் அக்கருவி 1986 ஜூலையில் கர்நாடகத்திலுள்ள கிட்டூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. ஒரு கருவி எந்த இடத்தில் வேலை செய்யவேண்டுமோ அந்த இடத்தின் இயல்பை முதலில் ஆராயவேண்டும் என்பதே கிட்டூர் தரும் பாடம். சி-டாட்டின் பெங்களூர் நிலையம் எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே இயங்கி வருகிறது.

கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவில் உருவாகியது. அம்முறையில் தொடக்கத்தில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசும்பொழுது மற்றவை காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி தரும் ஈதர்நெட் ஸ்விட்சை 1990இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் 'கல்பனா' என்பதும், அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் இந்தியரான வினோத் பரத்வாஜ் என்பதும் நம் நாட்டவர் அறிந்து மகிழத்தக்கவை. அந்த முதல் ஸ்விட்சில் 7 போர்ட்டுகளே இருந்தன.

ஸ்விட்ச் செய்யும் வேலை

கணினி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புவோர், பெறுவோர் ஆகிய இருவரின் முகவரிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். 'மேக்' முகவரி எனப்படும் இது 48 பிட்டுகள் கொண்டது. ஒரு போர்ட்டு வழியே பொட்டலம் உள்ளே வந்ததும் ஸ்விட்ச் அனுப்பியவரின் முகவரியைப் படித்து, 'இன்னார் இன்ன வாயிலில் இருக்கிறார்' என்று தன் அட்டவணையில் குறித்துக் கொள்கிறது. பின்னர், பெறுவோரின் முகவரி அட்டவணையில் உளதா என்று பார்க்கிறது. இருப்பின் அவ்வாயிலுக்கு மட்டும் பொட்டலத்தை அனுப்புகிறது. இல்லையெனில், வந்த வாயில் நீங்கலாக மற்ற எல்லா வாயில்களுக்கும் அனுப்புகிறது. புதிதாக வந்த தபால்காரர் நாளடைவில் தெருவிலுள்ளோர் யாவரையும் அறிந்து கொள்வது போன்றதே இது. ஆனால், தபால்காரர் பல மாதங்களில் அறிவதை ஸ்விட்ச் சில விநாடிகளில் அறிந்து விடுகிறது. பெரும்பாலான ஸ்விட்சுகளில், 300 விநாடிகள் வரை குரல் எழுப்பாத கணினியின் பெயர் அட்டவணையிலிருந்து நீக்கப்படுகிறது.

சாதாரண ஸ்விட்ச் இவ்வளவோடு நின்றுவிடும். அதற்குக் கட்டளை எதுவும் இட இயலாது. நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சோ, ஊழியர் இடும் கட்டளைகளை ஏற்று நடக்கும். எந்த வாயில் எப்பிரிவைச் சேர்ந்தது, எவ்வாயிலை மூடிவைக்க வேண்டும், எவர் உள்ளே நுழையலாம் என்பனவற்றை அதற்கு அறிவிக்கலாம். எவ்வாயிலில் பிழைகள் மிகுந்துள்ளன என்று அதனிடமே கேட்டறியவும் இயலும்.

வளையத்தால் விளையும் கேடு

இத்தகைய ஸ்விட்ச் சிறு பள்ளிக்குத் தேவையா என்ற வினா எழுவது இயல்பே. இதற்கு விடை காண ஒரு சிறு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கணினி அறையைப் பெருக்கும் பணியாளர் தரையில் ஒரு கேபிளின் முனை தனித்துக் கிடப்பதைக் காண்கிறார். அது கழன்றுவிட்டது போலும் என்றெண்ணி, நல்லெண்ணத்துடன் அருகிலுள்ள காலி வாயிலில் செருகி விடுகிறார். அக்கேபிளின் மறுமுனையோ அதே ஸ்விட்சின் வேறொரு வாயிலில் ஏற்கெனவே செருகப்பட்டிருக்கிறது. இப்பொழுது ஒரு வளையம் உண்டாகிவிட்டது.

'எல்லோருக்கும்' என்று முகவரியிடப்பட்ட பொட்டலம் ஒன்று வந்தவுடன் ஸ்விட்ச் அதனை எல்லா வாயில்களுக்கும் அனுப்புகிறது. அது வளையத்தைச் சுற்றி மீண்டும் ஸ்விட்சை வந்தடைகிறது. மீண்டும் எல்லோருக்கும் அனுப்பப்படுகிறது. ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஆகவே அது அழிவதில்லை. ஜிகாபிட் வேகமுள்ள ஒரு வாயிலில் விநாடிக்கு ஏறத்தாழ 14,88,000 சிறிய பொட்டலங்கள் செல்ல இயலும். அவ்விடம் முழுவதையும் இப்பயனற்ற பொட்டலங்களே அடைத்துக் கொள்கின்றன. பள்ளியின் கணினிகள் யாவும் சில விநாடிகளில் செயலற்றுப் போகின்றன. காரணம் அறியாதோர் கணினி பழுதென்றும், இன்டர்நெட் கம்பெனியின் குறையென்றும் நாட்களைக் கழிப்பர்.

இது சிறிய இடங்களுக்கு மட்டும் நேரும் விபத்தன்று. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு இவ்வாறே நிலைகுலைந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விரிவடைந்து வந்த அவ்வமைப்பு, வளையங்களைத் தடுக்கும் கணக்கீட்டின் எல்லையை மீறி வளர்ந்துவிட்டதே காரணமென்று பின்னர் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவர்கள் காகிதமும் பேனாவும் கொண்டு பணியாற்ற நேர்ந்தது. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் ஏந்திச் சென்றனர். மருத்துவமனையின் நிர்வாகிகள் நிகழ்ந்ததை மறைக்காமல் உலகுக்கு எடுத்துரைத்தமையால், பிற மருத்துவமனைகளும் பாடம் கற்றன.

இக்கேட்டினைத் தவிர்க்கும் வழியை 1985இல் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி வகுத்தார். ஸ்விட்சுகள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி, ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்து, அதிலிருந்து கிளைகள் பிரியும் மரம்போல் தம்மை அமைத்துக் கொள்கின்றன. மரத்தின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி வளையமாவதில்லை. மிகுதியான வழிகள் மூடப்பட்டு, முக்கிய வழி அறுபடும்பொழுது மட்டும் திறக்கப்படுகின்றன. 'ஸ்பானிங் ட்ரீ' எனப்படும் இம்முறை நிர்வகிக்கத்தக்க ஸ்விட்சுகளில் அமைந்துள்ளது.

இடமும் இணைப்பும்

ஸ்விட்சை நிறுவுமுன் இடத்தைத் தேர்தல் வேண்டும். மழைநீர் ஒழுகாததும், காற்றோட்டமுள்ளதும், பூட்டி வைக்கத்தக்கதுமான இடமே ஏற்றது. 19 அங்குல அகலமுள்ள ரேக்கில் ஸ்விட்சைத் திருகுகளால் இறுக்கிப் பொருத்துதல் நன்று. பக்கங்களிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்தலாகாது. பீரோவின் மேல் வைத்துப் பழைய பதிவேடுகளை அதன்மீது அடுக்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. இவ்வாறு செய்தால் கருவி வெப்பமுற்று விரைவில் கெடும்.

மின்சாரம் யு.பி.எஸ். வழியாகவே தரப்பட வேண்டும். ரேக்கின் உலோகச் சட்டம் தரமான எர்த் கம்பியுடன் இணைக்கப்படுதல் இன்றியமையாதது. பெங்களூர் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழை பெய்வது வழக்கம். அக்காலத்தில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்கு வெளியே இழுக்கப்பட்ட செம்புக் கேபிள் மின்னலின் தாக்கத்தை உள்ளே கொணரக்கூடும். ஆதலின் கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக் கேபிளையே உபயோகிக்க வேண்டும். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கடத்தும், மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

செம்புக் கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. இதில் சுவரில் பதிப்பதற்கு 90 மீட்டரும், இருமுனைகளிலும் உள்ள சிறு கேபிள்களுக்கு 10 மீட்டரும் கணக்கிடப்படும். மின்சாரக் கம்பிகளுடன் ஒரே குழாயில் இதனைச் செலுத்துதல் கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கேபிள் குறைந்த விலையில் விற்கப்படுகிறது. அதனை வாங்குதல் சிக்கனமன்று; அதன் தடை மிகுதியாதலின் மின்சாரமும் சேர்ந்து செல்லும் இணைப்புகளில் சூடேறும்.

கேபிள் வழியே காமிராக்களுக்கு மின்சாரமும் அனுப்பும் ஸ்விட்சாயின், அதன் மொத்த வலுவைக் கணக்கிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் நியமப்படி ஒரு வாயில் 15.4 வாட் வரை தரலாம். மொத்தம் 185 வாட் மட்டுமே தரக்கூடிய ஸ்விட்சில் 24 வாயில்கள் இருப்பினும், 12 வாயில்களுக்கே முழு வலு கிடைக்கும். இதனை வாங்குமுன்பே கவனித்தல் வேண்டும்.

கட்டளையிடும் முறை

புதிய ஸ்விட்சை உடனே வலையமைப்பில் இணைக்கலாகாது. முதலில் அதனை மேசை மீது வைத்து, 'கன்சோல்' எனக் குறிக்கப்பட்ட வாயிலைக் கணினியுடன் தனிக் கேபிளால் இணைக்க வேண்டும். பல ஸ்விட்சுகளில் இவ்விணைப்பின் வேகம் 9600 என்று அமைந்திருக்கும். கையேட்டில் சரிபார்த்துக் கொள்ளலாம். பின்னர் கீழ்க்கண்ட வரிசையில் வேலைகளைச் செய்தல் நலம்.

முதலாவது, தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றி, ஸ்விட்சுக்கு இடத்தைக் குறிக்கும் ஒரு பெயர் சூட்ட வேண்டும்.

இரண்டாவது, அதன் உள்நிரலைத் தயாரிப்பாளர் வெளியிட்ட புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பிரிவுகளை வகுக்க வேண்டும். ஒரே ஸ்விட்சைப் பல தனித்தனி ஸ்விட்சுகள் போல் இயங்கச் செய்யும் இம்முறைக்கு 'வி-லான்' என்று பெயர். இதற்கான 802.1க்யூ என்னும் உலக நியமம் 1998இல் வெளியிடப்பட்டது. அதன்படி பொட்டலத்தில் 12 பிட்டுகள் பிரிவின் எண்ணுக்காக ஒதுக்கப்பட்டமையால் 4094 பிரிவுகள் வரை அமைக்க இயலும். பள்ளிக்கு நான்கே போதும். 24 வாயில்கள் கொண்ட ஸ்விட்சில், 1 முதல் 6 வரையுள்ள வாயில்களை அலுவலகத்துக்கென 10ஆம் பிரிவிலும், 7 முதல் 18 வரை மாணவர் கணினிகளுக்கென 20ஆம் பிரிவிலும், 19 முதல் 22 வரை காமிராக்களுக்கென 30ஆம் பிரிவிலும் சேர்க்கலாம். 23ஆம் வாயிலை மூடி வைக்கலாம். 24ஆம் வாயில், எல்லாப் பிரிவுகளின் பொட்டலங்களையும் எண்ணிட்டுச் சுமந்து ரௌட்டருக்குக் கொண்டு செல்லும் பொது வழியாக அமையும். ஸ்விட்சை நிர்வகிப்பதற்கு மட்டும் 99ஆம் பிரிவைத் தனியே வைத்துக் கொள்ளலாம். இவ்வாறு பிரித்தபின், ரௌட்டர் அனுமதித்தாலன்றி, மாணவர் கணினியில் புகுந்த வைரஸ் மதிப்பெண் பட்டியல் உள்ள அலுவலகக் கணினியை எட்ட இயலாது. ஆகவே ரௌட்டரிலும் இப்பிரிவுகளுக்கிடையே தடைவிதிகள் இடப்பட வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஊழியர் எவ்வாயில் வழியே கட்டளையிடுகிறாரோ அவ்வாயிலின் பிரிவையே அவசரத்தில் மாற்றிவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவதற்கு இது ஒப்பாகும். கன்சோல் வழியே வேலை செய்வோருக்கு இவ்வாபத்தில்லை.

நான்காவது, ஸ்பானிங் ட்ரீ இயங்குகிறதா என்று உறுதி செய்து, தலைமை ஸ்விட்சை நிர்ணயிக்க வேண்டும். எல்லா ஸ்விட்சுகளும் 32768 என்ற சமமான முன்னுரிமை எண்ணுடன் வருகின்றன. எண்கள் சமமாயின், மேக் முகவரி மிகச் சிறியதாக உள்ள ஸ்விட்ச் தலைமையேற்கும். பெரும்பாலும் அது மிகப் பழைய, வேகம் குறைந்த கருவியாக அமைந்துவிடும். ஆகவே நடுவிலுள்ள நல்ல ஸ்விட்சுக்கு 4096 என்ற குறைந்த எண்ணைத் தருதல் வேண்டும். கணினிகள் மட்டும் இணையும் வாயில்களை 'விளிம்பு வாயில்' என்று அறிவிக்க வேண்டும். பழைய முறைப்படி வாயில் திறக்க 30 விநாடிகள் ஆகும். அதற்குள் முகவரி கிடைக்காத கணினியைப் பழுதென்று தவறாக முடிவு செய்வதுண்டு. விளிம்பு வாயில் உடனே திறந்துவிடும். அத்துடன், அவ்வாயிலில் ஸ்பானிங் ட்ரீ செய்தி ஏதேனும் வந்தால் அதனை உடனே மூடிவிடுமாறும் கட்டளையிடலாம். பணியாளர் நல்லெண்ணத்துடன் செருகிய கேபிளினால் இனிப் பள்ளி முழுவதும் நின்றுவிடாது. அவ்வொரு வாயில் மட்டுமே மூடப்படும்.

ஐந்தாவது, கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். இந்தியாவின் நியம நேரத்தைப் பேணும் பொறுப்பு புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. அந்நிலையத்தின் அல்லது தேசியத் தகவல் மையத்தின் நேரத்துடன் கருவிகளை ஒத்திசைக்கவும், நிகழ்ச்சிக் குறிப்புகளை 180 நாட்கள் பாதுகாக்கவும், கணினிப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் மத்திய நிலையமான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணை பிறப்பித்துள்ளது. நேரம் தவறிய குறிப்பேடு, தேதியில்லாத சாட்சியத்தைப் போன்று பயனற்றது.

ஆறாவது, செய்த மாற்றங்களைச் சேமிக்க வேண்டும். பல ஸ்விட்சுகளில் இடப்பட்ட கட்டளை உடனே நடைமுறைக்கு வரினும், நிலையான நினைவில் பதிவதில்லை. சேமிக்கும் கட்டளை தரப்படாவிடின், அடுத்த மின்தடையில் அரைநாள் உழைப்பு முழுவதும் மறைந்துவிடும். சேமித்த பின்னர் அதன் பிரதியொன்றை வேறிடத்தில் பத்திரப்படுத்தல் வேண்டும்.

கடவுச்சொல்லின் அருமை

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாதிருப்பதன் விளைவைக் கர்நாடகம் நேரில் கண்டதுண்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் ஆயிரக்கணக்கான மோடம்கள் தீய நிரல் ஒன்றினால் செயலிழந்தன. தொழிற்சாலையில் அமைத்த கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே அதற்கு இரையாயின. உடனே அதனை மாற்றுமாறு சந்தாதாரர்கள் கேட்டுக் கொள்ளப்பட்டனர். அச்சொற்கள் ரகசியமல்ல, எந்தக் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருப்பவை. பூட்டை வாங்கியவர் சாவியை அதிலேயே தொங்கவிட்டுச் செல்வது எவ்வளவு பேதைமையோ அவ்வளவு பேதைமை இதுவும். மேலும், கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் முறையை நிறுத்தி, மறைத்து அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். முறையையே கையாள வேண்டும்.

சோதனையும் பதிவும்

நிறுவியபின் சோதனை செய்யாத வேலை முற்றுப் பெற்றதாகாது. மாணவர் பிரிவிலிருந்து அலுவலகக் கணினியை அணுக முயன்று, அஃது இயலவில்லை என்று கண்டறிய வேண்டும். பள்ளி விடுமுறை நாளில் ஒரு கேபிளின் இருமுனைகளையும் இரு விளிம்பு வாயில்களில் வேண்டுமென்றே செருகி, அவை மூடப்படுகின்றனவா என்று பார்த்தல் நன்று. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தந்து, கட்டளைகள் நிலைத்துள்ளனவா என்றும் காண வேண்டும்.

ஒவ்வொரு கேபிளின் இருமுனைகளிலும் எண் ஒட்டப்பட வேண்டும். எவ்வெண் எவ்வறைக்குச் செல்கிறது என்னும் அட்டவணையை ரேக்கின் கதவில் உட்புறமாக ஒட்டி வைக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதுதல் கூடாது. அதனை முத்திரையிட்ட உறையில் வைத்துத் தலைமையாசிரியரின் பீரோவில் பாதுகாக்கலாம். ஸ்விட்சை அமைத்த ஆசிரியர் மாற்றலாகிச் சென்றபின் கடவுச்சொல் தெரியாமல், எல்லா அமைப்பையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

கிராம பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டம் 2011 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் பெற்றது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. 2023 ஆகஸ்டில் அதன் விரிவாக்கத்துக்குச் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய முயற்சியால் ஒளியிழை பஞ்சாயத்தின் வாயில்வரை வந்து சேரும். அவ்வாயிலுக்கு அப்பால், மாணவனின் மேசைக்கும் நோயாளியின் சீட்டுக்கும் அதனைக் கொண்டு சேர்க்கும் கடைசி 100 மீட்டர் தொலைவு, அவ்விடத்து ஆசிரியரின் பொறுப்பிலும் களப்பணியாளரின் பொறுப்பிலும் உள்ளது. ஆனேக்கல் தாலூக்காவின் பள்ளியாயினும், எல்லைக்கு அப்பாலுள்ள ஓசூர்ப் பள்ளியாயினும், இதற்கு வேண்டுவன ஒரு நாள் உழைப்பும், ஒழுங்காக எழுதிய ஓர் அட்டவணையும், மாற்றப்பட்ட ஒரு கடவுச்சொல்லுமே ஆகும்.